தட்டம்மை: மருத்துவமனைப் பணியாளர்களின் எதிர்ப்பாற்றலுக்கு எது ஆதாரம்?

காய்ச்சலோடு ஒரு குழந்தை. மூக்கு ஒழுகுகிறது, இருமல் விடவில்லை, கண்கள் சிவந்து வெளிச்சத்துக்குக் கூசுகின்றன. அம்மா குழந்தையைத் தோளில் சாய்த்தபடி புறநோயாளிகள் பகுதியில் முக்கால் மணி நேரம் காத்திருக்கிறார். பதிவு மேசையில் இருப்பவர் பெயரும் வயதும் கேட்டு எழுதிக்கொள்கிறார். செவிலியர் காய்ச்சல் பார்க்கிறார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, சளிக் காய்ச்சல்தான் என்று மருந்து எழுதித் தருகிறார். உடம்பில் தடிப்பு எதுவும் இல்லாதபோது அவர் சொன்னதில் குற்றம் காண முடியாது. மூன்றாம் நாள், முடி தொடங்கும் இடத்தில் சிவப்புத் தடிப்புகள் கிளம்பி, முகம், கழுத்து, மார்பு என்று கீழே இறங்குகின்றன.

அன்று மாலையே மருத்துவமனையில் ஒரு பட்டியல் எழுத ஆரம்பிப்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்திலும் அதற்கடுத்த 2 மணி நேரத்திலும் அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள்? அவர்களில் யாருக்குத் தட்டம்மை எதிர்ப்பாற்றல் உண்டு, யாருக்கு இல்லை? வந்துபோன நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது தனிக் கதை. சொந்தப் பணியாளர்களைப் பற்றிக் கேட்டாலே பல இடங்களில் தடுமாற்றம்தான். "சின்ன வயசுல ஊசி போட்டிருப்பாங்க" என்பார் ஒருவர். "எனக்கு அம்மை வந்து போயிடுச்சு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவமனைத் தட்டம்மை விவகாரத்தில் பாதிச் சிக்கல் வைரஸால் வருவது. மீதிப் பாதி இந்த "இருக்கும்னு நினைக்கிறேன்" என்ற பதிலால் வருவது.

இரண்டாவது பதிலில் நம் மொழியே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. தமிழில் "அம்மை" என்றால் அது தட்டம்மையாக இருக்கலாம், சின்னம்மையாக இருக்கலாம், ஜெர்மன் அம்மை எனப்படும் ருபெல்லாவாகக்கூட இருக்கலாம். நான்கு வயதில் வந்த எதையோ வீட்டில் "அம்மை" என்று சொல்லியிருப்பார்கள். நாற்பது வயதில் அவர் அதையே தட்டம்மை என்று படிவத்தில் நிரப்புவார். நீர் கோத்த கொப்புளமாக இருந்ததா, வெறும் சிவப்புத் தடிப்பா என்று கேட்டால் அவருக்கு நினைவிருக்காது. பிற மொழிக்காரர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. காய்ச்சலோடு தடிப்பு தரும் நோய்கள் பல. அதனால்தான் "வந்து போயிற்று" என்ற வாய்மொழியை மட்டும் வைத்து, ஆய்வகச் சான்று இல்லாமல், யாரையும் எதிர்ப்பாற்றல் உள்ளவராகக் கணக்கெடுப்பதில்லை.

அந்த 2 மணி நேரம் எங்கிருந்து வந்தது? தட்டம்மை காற்றில் பரவும் நோய். நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துகள்கள், அவர் எழுந்து போன பிறகும் மூடிய அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும். அவரை நேரில் பார்க்காதவருக்குக்கூட நோய் தொற்ற அது போதும். எதிர்ப்பாற்றல் இல்லாத 10 பேர் நெருங்கிப் பழகினால் 9 பேர் வரை நோயில் விழுவார்கள். ஊரில் ஒருவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். பரவலை நிறுத்த 95 சதவீதம் பேராவது பாதுகாப்போடு இருக்க வேண்டும் என்ற கணக்கு இதிலிருந்து வருவதுதான்.

காலக்கணக்கு இன்னும் மோசம். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து, தோன்றி 4 நாள் வரை நோயாளி மற்றவர்களுக்குத் தொற்றவைப்பார். முதல் 4 நாளில் அவர் சளிக் காய்ச்சல்காரர் மாதிரியேதான் இருப்பார். ஹென்றி கோப்லிக் 1896-இல் விவரித்த வெண்புள்ளிகள், சிவந்த உட்கன்னத்தில் உப்புப் பரல் தூவினாற்போல், தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பே தெரியலாம். டார்ச் அடித்து, கன்னத்தை விலக்கிப் பார்த்தால்தான் அதுவும். தட்டம்மையைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே கண்ட மருத்துவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். தடுப்பூசி ஜெயித்ததன் விளைவு அது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பணியாளருக்கு இந்த நோய் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. நோயாளியிடமிருந்து வாங்கிக்கொள்வது ஒரு பக்கம். 1996-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிளார்க் கவுண்டியில் நோய் பரவியபோது, மருத்துவப் பணியாளர்களுக்குத் தட்டம்மை வரும் அபாயம் மற்றப் பெரியவர்களைவிட ஏறத்தாழ 19 மடங்கு என்று கணக்கிட்டார்கள். 2017-இல் இத்தாலியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு நோய் வந்தது. அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் மருத்துவப் பணியாளர்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது இன்னொரு பக்கம், அதுதான் கொடுமையானது. சளி, லேசான காய்ச்சல் என்றால் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வருவது இந்தத் தொழிலில் சகஜம். அதைக் கடமையுணர்ச்சி என்றுகூடப் பாராட்டுவார்கள். அந்தச் சளி தட்டம்மையின் முதல் நாளாக இருந்தால், அவர் போய் நிற்கும் இடம் எது? முதல் தவணை ஊசிக்கான வயதே ஆகாத கைக்குழந்தைகள் வார்டாக இருக்கலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவரின் கட்டிலருகே இருக்கலாம். நோய் எதிர்ப்பு அடியோடு குறைந்தவர்களுக்குத் தட்டம்மை தடிப்பே காட்டாமல் நேராக நுரையீரலில் இறங்குவதும் உண்டு.

"குழந்தைகளுக்கு வரும் சாதாரண நோய்தானே" என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-இல் மட்டும் 1 கோடியே 3 லட்சம் பேருக்குத் தட்டம்மை வந்தது, 1,07,500 பேர் இறந்தார்கள். பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியாவும் மூளையழற்சியும் வரும் வாய்ப்பு கூடுதல். பிழைத்து எழுந்தவரின் உடலும் பழைய உடல் அல்ல. வேறு கிருமிகளுக்கு எதிராக உடம்பு முன்பு சேர்த்துவைத்த எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மை துடைத்துவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இடையில் விழுந்த தலைமுறை

ஒருமுறை தட்டம்மை வந்தால் ஆயுசுக்கும் வராது என்பதற்கு மிக அழகான சான்று 1846-இல் கிடைத்தது. வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளில் நோய் புகுந்தது. 7,800-க்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட இளம் டேனிஷ் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் வீடு வீடாக விசாரித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது நோய் கண்டு பிழைத்த கிழவர்கள், கிழவிகள் ஒருவரையும் இம்முறை அது தொடவில்லை. நடுவில் 65 வருடம், அந்த வைரஸின் வாடைகூட அங்கே கிடையாது.

"1957-க்கு முன் பிறந்தவர்" என்றாலே எதிர்ப்பாற்றல் உள்ளவராக ஏற்கும் ஒரு வரி அமெரிக்க விதிகளில் இருக்கிறது. அதன் பின்னால் இருப்பதும் இதே தர்க்கம்தான். தடுப்பூசி வருவதற்கு முன் குழந்தையாக இருந்த அனைவரையும் தட்டம்மை எப்படியும் ஒருமுறை பார்த்திருக்கும் என்பது அனுமானம். தடுப்பூசிக்கு அங்கே உரிமம் கிடைத்தது 1963-இல். அதன் பிறகு வந்த சில பத்தாண்டுகளில்தான் கணக்கு குழம்புகிறது. 1963 முதல் 1967 வரை செயலிழக்கவைத்த வைரஸைக் கொண்டு ஒரு தடுப்பூசியும் புழக்கத்தில் இருந்தது. அதன் பாதுகாப்பு நிலைக்கவில்லை என்று கைவிட்டார்கள். பிறகு உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் தடுப்பூசி மட்டும். ஆனால் 1989 வரை ஒரே தவணைதான். அந்த ஆண்டு தொடங்கிய பெரும்பரவலில் 1991-க்குள் சுமார் 55,000 பேர் நோயுற்று 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டாம் தவணை பரிந்துரைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான்.

நாட்டுக்கு நாடு ஆண்டுகள் மாறும், கதை ஒன்றுதான். தடுப்பூசி அறிமுகமான பிறகு நோய் குறையத் தொடங்கும். எனவே இயற்கையாக வருவது நிச்சயமில்லை. அதே நேரம் தடுப்பூசி எல்லாரையும் எட்டியிருக்காது, எட்டியவர்களுக்கும் ஒரு தவணையே கிடைத்திருக்கும். நோயும் காணாமல், ஊசியும் முழுமையாகப் போடாமல் இடையில் விழுந்த இவர்கள் இன்று தலைமைச் செவிலியர்களாக, ஆய்வக மேற்பார்வையாளர்களாக, மூத்த மருத்துவர்களாக இருக்கிறார்கள். எதிர்ப்பாற்றல் பற்றிப் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் கறாராகக் கேட்டுவிட்டு, மூத்தவர்களிடம் கேட்கக் கூச்சப்படும் வழக்கம் எங்கும் உண்டு. கூச்சம் இருக்கும் பக்கம்தான் ஓட்டையும்.

இரண்டாம் தவணை எதற்கு என்பதையும் பலர் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். முதல் தவணையின் பலம் குறைந்துவிடும், அதைத் தூக்கி நிறுத்த இரண்டாவது என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதல் தவணை எடுபட்டவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே நீண்ட காலம் காக்கும். சிலருக்கு மட்டும் முதல் தவணை எடுபடவே எடுபடாது. யாருக்கு என்று வெளியில் தெரியாது. அவர்களை வளைத்துப் பிடிக்கத்தான் எல்லாருக்கும் மறுபடி போடுவது. ஒரு தவணை சுமார் 93 சதவீதம், இரண்டு தவணை சுமார் 97 சதவீதம் பாதுகாப்பு தருகிறது. மூவாயிரம் பேர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இந்த 4 சதவீத வித்தியாசம் 120 பேர்.

ரத்தமா, காகிதமா?

ஒருவருக்கு எதிர்ப்பாற்றல் உண்டு என்று எதை வைத்து ஏற்பது? அமெரிக்க நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழுவின் பரிந்துரையில், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆதாரங்கள் இவை: குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை போட்டதற்கான எழுத்துப் பதிவு, ஆன்டிபாடி உண்டு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, நோய் வந்ததை உறுதிசெய்த ஆய்வக அறிக்கை, அல்லது 1957-க்கு முன் பிறந்திருப்பது. கடைசியைப் பற்றிக் குழுவுக்கே முழுத் திருப்தி இல்லை. அந்த வயதினரிடம் ஆய்வகச் சான்று இல்லையென்றால் இரண்டு தவணை போடுவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. பரவல் வந்துவிட்டால் போடவே சொல்கிறது.

இந்தப் பட்டியலில் காகிதத்துக்குத்தான் முதல் மரியாதை. இரண்டு தவணைப் பதிவு கையில் இருக்கும் ஒருவருக்கு, ஏதோ காரணத்தால் ரத்தப் பரிசோதனை செய்து "இல்லை" என்றோ "தெளிவில்லை" என்றோ முடிவு வந்தால், காகிதத்தையே நம்பச் சொல்கிறது விதி. மூன்றாவது ஊசி தேவையில்லை. விஞ்ஞானம் படித்தவர்களுக்கே இது முதலில் உறுத்தும். ரத்தம் பொய் சொல்லுமா?

பொய் சொல்லாது, ஆனால் முழுக்கவும் சொல்லாது. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் தற்செயலாக அமைந்த ஒரு சோதனை உதவும். அதன் முடிவுகள் 1990-இல் வெளிவந்தன. மாணவர்கள் ரத்ததானம் செய்த கையோடு அங்கே தட்டம்மை பரவியது. அதாவது நோய் வருவதற்கு முந்தைய ரத்தம் ஆய்வாளர்கள் கையில் இருந்தது. பிறகு யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதும் தெரிந்தது. ஆன்டிபாடி அளவு 120 அல்லது அதற்குக் கீழே இருந்த 9 பேரில் 8 பேருக்குத் தட்டம்மைக்குரிய அறிகுறிகள் வந்தன. 120-க்கு மேல் இருந்த 71 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் அந்தப் பாதுகாக்கப்பட்டவர்களிலும், நடுத்தர அளவு வைத்திருந்த 11 பேரில் 7 பேருக்கு ஆன்டிபாடி சட்டென்று பல மடங்கு எகிறியிருந்தது. வைரஸ் உள்ளே வந்திருக்கிறது; உடம்பு பழைய நினைவை எழுப்பி, நோயாக முற்றுவதற்குள் அதை அடக்கியிருக்கிறது.

அந்த 120 என்ற எல்லையை அளந்த முறை, உயிருள்ள வைரஸை செல்களில் வளர்த்து, ரத்த நீர் அதை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. நாள் பிடிக்கும், பயிற்சி பெற்ற கை வேண்டும். மருத்துவமனை ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது, உயிருள்ள வைரஸ் இல்லாமலே ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா வகைப் பரிசோதனை. அது வேகமானது, மலிவானது, குறைந்த அளவு ஆன்டிபாடியைத் தவறவிடக்கூடியது. தடுப்பூசியால் வரும் ஆன்டிபாடி, இயற்கை நோயால் வருவதைவிடக் குறைவாகவே தொடங்கும். வைரஸ் ஊரில் சுற்றாதபோது அவ்வப்போது உசுப்பிவிடவும் ஆளில்லை, வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். எலைசா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கினாலும் நினைவுச் செல்கள் காவலுக்கு இருக்கும். அவற்றை அளக்க நடைமுறையில் பரிசோதனை இல்லை.

ஆகவே என் கட்சி இது: பதிவு இல்லாதவர்களுக்கெல்லாம் முதலில் ரத்தம் எடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, பிறகு திரும்பக் கூப்பிட்டு ஊசி போடுவது சுற்றுவழி. கூப்பிட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருவதில்லை என்பது ஊழியர் நலப் பிரிவில் ஒரு மாதம் உட்கார்ந்தவருக்கும் தெரியும். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவருக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசி) போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. பதிவு இல்லையா, தடையாக எந்த உடல்நிலையும் இல்லையா, போட்டு எழுதிவைத்துவிட வேண்டியதுதான்.

விலை

பதிவு இல்லாததன் விலையை ரொக்கமாகவே கணக்கிட்டிருக்கிறார்கள். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த பயணி ஒருவரிடமிருந்து நோய் கிளம்பியது. மொத்தம் 14 பேர். அவர்களில் 7 பேருக்குத் தொற்றியது மருத்துவ வளாகங்களில்தான். தொற்றவைக்கும் நாட்களில் சிகிச்சை தேடிப் போன 11 பேரில், தடிப்பு வந்ததும் முகக்கவசம் மாட்டி உடனே தனிமைப்படுத்தப்பட்டவர் ஒரே ஒருவர். இரண்டு மருத்துவமனைகளில் 7,195 பணியாளர்களின் கோப்புகளைப் புரட்டினார்கள். 25 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றலுக்கான ஆதாரம் இல்லை. அவர்களில் 1,583 பேருக்கு ரத்தம் பார்த்தபோது, உண்மையிலேயே ஆன்டிபாடி இல்லாதவர்கள் 139 பேர், அதாவது 9 சதவீதம்தான். நோய் தொற்றிய பணியாளர் ஒருவரும் அந்த 139-க்குள் இருந்தார். அந்த வளாகங்களில் 7 நோயாளிகளைச் சமாளிக்க இரு மருத்துவமனைகளும் செலவழித்தது 8 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு.

சோதித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பாகத்தான் இருந்திருக்கிறார்கள். அதை நிரூபிக்கத்தான் காகிதம் இல்லை. இத்தனை அலைச்சலுக்குக் காரணம் அவசரம். தொற்று பட்ட 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் போட்டால் நோயைத் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ வாய்ப்புண்டு. ஊசி போடக்கூடாதவர்களுக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, தரலாம். ஆனால் வெளியில் தடிப்பு தெரிந்து, சந்தேகம் எழுந்து, ஆய்வக முடிவு வருவதற்குள் அந்த 72 மணி நேரத்தில் பெரும்பகுதி போயிருக்கும். ஆதாரமே இல்லாத பணியாளரை, முதல் தொற்று வாய்ப்புக்குப் பிந்தைய 5-ஆம் நாள் முதல் கடைசி வாய்ப்புக்குப் பிந்தைய 21-ஆம் நாள் வரை வேலையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். இடையில் ஊசி போட்டாலும் இந்த விலக்கு மாறாது. ஒரு தவணை முன்பே போட்டதற்குப் பதிவு வைத்திருப்பவர் வேலையில் தொடரலாம், இரண்டாவதைப் போட்டுக்கொண்டு. ஒரே ஒரு துண்டுக் காகிதம் இரண்டு வார வேலையைக் காப்பாற்றுகிறது.

இரண்டு தவணை போட்டவர்களுக்கும் அபூர்வமாக நோய் வருவதுண்டு. 2011-இல் நியூயார்க்கில் இரண்டு தவணைப் பதிவு உள்ள ஒருவருக்குத் தட்டம்மை வந்து, அவரிடமிருந்து 4 பேருக்குப் பரவியது. அந்த நால்வரும் இரண்டு தவணை போட்டவர்கள் அல்லது முன்பு ஆன்டிபாடி இருந்தவர்கள். அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்காகத்தான், எதிர்ப்பாற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தட்டம்மை சந்தேகிக்கப்படும் நோயாளியின் அறைக்குள் போகும் எவரும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி.

சட்டம் போட்டவர்களும் உண்டு. பின்லாந்து 2018 மார்ச் முதல், நோயாளிகளில் எளிதில் பாதிக்கப்படுவோருடன் பணிபுரிபவர்களுக்குத் தட்டம்மை, சின்னம்மை இரண்டுக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் 2020 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 1970-க்குப் பின் பிறந்த மருத்துவப் பணியாளர்கள் ஆதாரம் காட்ட வேண்டும் என்கிறது. மீறினால் 2,500 யூரோ வரை அபராதம். அபராதத்தைவிட அந்தச் சட்டம் செய்த நல்ல காரியம், தொலைந்த அட்டைகளைத் தேடவைத்தது என்பேன்.

போடக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு கடுமையாகக் குறைந்தவர்களுக்கும் இந்த ஊசி இல்லை; போட்ட பிறகு 28 நாள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பணியில் சேரும்போது காசநோய்த் தோல் பரிசோதனையும் செய்வதாக இருந்தால் ஊசி போடும் அன்றே செய்துவிட வேண்டும். தவறினால் 4 முதல் 6 வாரம் காத்திருக்க வேண்டும், ஏனெனில் தடுப்பூசி அந்தப் பரிசோதனையின் முடிவைத் தற்காலிகமாக மழுக்கும். ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சல், பெண்களில் சிலருக்குச் சில நாள் மூட்டுவலி வரலாம். மூட்டுவலிக்குக் காரணம் எம்எம்ஆரில் உள்ள ருபெல்லா பகுதி.

மறுபடி அந்தக் காத்திருப்புக் கூடத்துக்கு வருவோம். குழந்தையும் தாயும் போன பிறகு அங்கே முதலில் நுழைவது யார்? துடைப்பமும் வாளியுமாகத் துப்புரவுப் பணியாளர். காற்றில் வைரஸ் மிதக்கும் அந்த 2 மணி நேரத்தில் அவர்தான் நாற்காலி நாற்காலியாகத் துடைக்கிறார். அவருக்குச் சம்பளம் தருவது ஒப்பந்த நிறுவனம். மருத்துவமனையின் ஊழியர் கோப்பில் அவருக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. தொற்றுப் பட்டியல் எழுதும்போது மருத்துவர், செவிலியர், பதிவு எழுத்தர் மூவரின் பெயரும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அன்று காலை முறையில் கூடத்தைக் கூட்டியது யார் என்று கண்டுபிடிக்க, ஒப்பந்தக்காரருக்குப் போன் போட வேண்டியிருக்கும்.